துருவமானும் நான் இட்ட சிவப்புக் கோடும்



தன் தவற்றைத் தானே எழுதுவது எளிதன்று. ஆயினும், மாணவனிடம் மட்டும் திருத்தத்தை எதிர்பார்த்துவிட்டுத் தான் திருந்தாமல் இருப்பது ஆசிரியனுக்கு அழகாகாது. ஆகவே இந்தப் பதிவு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்காக அறிவியல் சோதனைத்தாள் ஒன்றைத் தயாரித்திருந்தேன். அதில் ஒரு கேள்வி: "வடதுருவப் பகுதியில் வெப்பநிலை உயர்ந்தால் அங்கு வாழும் துருவமான்களுக்கு என்ன நேரும்?" நான் எழுதி வைத்திருந்த விடை: "உணவு குறையும், அதனால் மான்களின் எண்ணிக்கையும் குறையும்." வகுப்பில் பெரும்பாலோர் அவ்வாறே எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும், "பனி உருகும். புல் நிறைய வளரும். மான்கள் நிறையச் சாப்பிட்டுக் கொழுக்கும்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இட்டேன். புள்ளி இல்லை.

தாளைப் பெற்றுக்கொண்டவன் என் மேசைக்கு வந்தான். "ஐயா, செடி வளர வெயிலும் தண்ணீரும் வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அங்கே குளிர் குறைந்தால் புல் கூடத்தானே வேண்டும்?" என்று கேட்டான்.

நான் சொன்ன மறுமொழி இதுதான்: "விடைத்திட்டத்தில் அப்படி இல்லை, தம்பி. போய் உட்கார்."

அவன் போய் உட்கார்ந்தான். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் கேள்வியோடு என் மேசைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

உண்மையைச் சொன்னால், அவனுக்கு விடை சொல்ல எனக்கு நேரமில்லாமல் இல்லை. விடையே எனக்குத் தெரியாது. அந்த உறுத்தல் நெடுநாள் இருந்தது. பின்னொரு பள்ளி விடுமுறையில் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். என் ஐந்தாம் ஆண்டு மாணவன் கேட்ட அதே கேள்விக்காகப் பலர் ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு எனச் செலவிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கின்றனர்! அவர்கள் கண்ட விடை என் விடைத்திட்டத்தில் இருந்ததைப் போல ஒரே வரியில் அடங்குவதன்று.

வெப்பம் கூடுகிறது, மான்கள் குறைகின்றன. ஆனால்...

முதலில் ஐயத்திற்கு இடமில்லாத செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். 1979 முதல் உள்ள அளவீடுகளைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, வடதுருவப் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது. துருவமான் என்று நாம் சொல்லும் விலங்கும் வட அமெரிக்காவில் கரிபூ என்று அழைக்கப்படும் விலங்கும் ஒரே இனத்தவை. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காட்டில் திரியும் இம்மான்களின் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் 47 இலட்சத்திலிருந்து 21 இலட்சமாகக் குறைந்துவிட்டது.

அப்படியானால் என் விடைத்திட்டம் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. "குறைந்தது" என்பது ஒரு செய்தி. "ஏன் குறைந்தது, எங்கே குறைந்தது, எங்கே குறையவில்லை" என்பதுதான் அறிவியல். அங்கே மாணவனின் கேள்வி மீண்டும் எழுந்து நிற்கிறது.

இரண்டு கடிகாரங்கள்

கிரீன்லாந்தின் மேற்குப் பகுதியில், வடதுருவ வட்டத்திற்குச் சற்று வடக்கே, காங்கர்லுசுவாக் என்னும் ஊர் உள்ளது. அமெரிக்க ஆய்வாளர் எரிக் போஸ்ட் 1993 முதல் அதன் சுற்றுப்புறத்தில் கரிபூ மான்களையும் அவை உண்ணும் செடிகளையும் கவனித்து வந்தார். பின்னாளில் அவருடைய மாணவர்கள் பலர் அங்கேயே தங்கி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றனர்.

அவர்கள் கண்ட செய்தியை எளிமையாகச் சொல்கிறேன். கரிபூக்கள் கோடைகால மேய்ச்சல் நிலத்திற்கு இடம்பெயர்ந்து வந்து, மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் கன்று ஈனுகின்றன. இடம்பெயரும் காலத்தை அவற்றுக்கு உணர்த்துவது பகலின் நீளம். வசந்தத்தில் பகல் நீள நீள மான் கூட்டம் நகரத் தொடங்கும். செடிகளுக்கோ காலத்தை உணர்த்துவது நிலத்தின் வெப்பம். பனி விலகி மண் சூடேறினால் துளிர் வெளிவந்துவிடும். ஆக, மான் பார்ப்பது கதிரவனின் கடிகாரம்; செடி பார்ப்பது வெப்பத்தின் கடிகாரம்.

நெடுங்காலமாக இவ்விரு கடிகாரங்களும் ஒத்து ஓடின. கன்று பிறக்கும் நாளில் இளந்துளிரும் வெளிவரும். இளந்துளிரின் சிறப்பு என்னவென்றால், அதில் புரதம் மிகுதி, நார் குறைவு. பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் தேவை. நாள் செல்லச் செல்ல இலை முற்றும், நார் கூடும், சத்துக் குறையும். ஆகவே, புல் "இருக்கிறதா" என்பது மட்டும் கேள்வியன்று. "எந்த நாளில் எந்த நிலையில் இருக்கிறது" என்பதே கேள்வி.

புவி வெப்பமடைந்தாலும் பகலின் நீளம் மாறுவதில்லை. வெப்பத்தின் கடிகாரமோ முந்திவிட்டது. போஸ்ட்டும் டென்மார்க்கைச் சேர்ந்த மாட்ஸ் ஃபோர்ஹாம்மரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்விடத்தின் வசந்தகாலச் சராசரி வெப்பநிலை 4 பாகைக்கும் மேலாக உயர்ந்திருந்தது. செடிகள் முன்னதாகவே துளிர்த்தன. மான்கள் அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. தாய்மான் கன்று ஈன்றபோது துளிர் முற்றத் தொடங்கியிருந்தது. விளைவு, கன்றுகளின் இறப்புக் கூடியது. கன்று ஈனும் அளவு நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சற்றுக் கடினமே. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு அரைமணி நேரம்கூட இல்லை. காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளை ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தைத்தான் காண்கிறது. கோடையில் கதிரவன் மறையாமலும் குளிர்காலத்தில் எழாமலும் இருக்கும் நிலத்தில், பகலின் நீளமே நாட்காட்டி என்பதை நாம்தான் உலக உருண்டையும் கைவிளக்கும் கொண்டு காட்டவேண்டும்.

அதே நிலம், வேறு விலங்கு

இதோடு முடிந்திருந்தால், "மாணவன் சொன்னது தவறு" என்று நான் அமைதி கொண்டிருப்பேன். ஆனால் அதே காங்கர்லுசுவாக் நிலத்தில் கஸ்தூரி எருதும் மேய்கிறது. நீண்ட சடையும் தடித்த உடலும் கொண்ட விலங்கு அது. கரிபூவுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்ததா என்று போஸ்ட்டின் மாணவர் ஒருவர் தம் முனைவர் பட்டக் காலத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார். 2013இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

கஸ்தூரி எருது கரிபூவுக்கு முன்னதாக, செடிகள் துளிர்ப்பதற்கு முன்பே கன்று ஈன்றுவிடுகிறது. அப்போது தாய் உண்பதற்குப் பச்சை இலை ஏது? முந்திய கோடையில் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே அது கன்றுக்குப் பாலூட்டுகிறது. கரிபூவோ அன்றன்று மேய்ந்ததைக் கொண்டே பாலூட்டுகிறது. குடும்பக் கணக்கில் சொன்னால், ஒருத்தி சேமிப்பில் வாழ்பவள். மற்றொருத்தி அன்றாடக் கூலியில் வாழ்பவள். கூலி ஒரு வாரம் பிந்தினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்பது நமக்குத் தெரியாதா? துளிரின் காலம் மாறியது கரிபூவைத் தாக்கிய அளவு கஸ்தூரி எருதைத் தாக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். பின்லாந்தின் வடக்கே குட்டுஹர்யு என்னும் இடத்தில் வளர்க்கப்படும் துருவமான் மந்தையில், கன்று பிறந்த நாள்கள் 1970 முதல் பதிவு செய்யப்பட்டுள்ளன. 2016 வரையிலான அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அங்கே கன்று பிறக்கும் காலமே ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக நகர்ந்திருப்பது தெரிந்தது. அதே இனம்தான், ஆனால் மேற்குக் கிரீன்லாந்தில் பின்தங்கிய கடிகாரம் பின்லாந்தில் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

ஆகஸ்டில் சரி, ஏப்ரலில் தவறு

என்னை முற்றிலும் தலைகுனிய வைத்தது ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கதை. நார்வேக்கு வடக்கே கடலில் இருக்கும் அத்தீவுகளில் வாழும் துருவமான்கள் குட்டையான கால்களை உடையவை. அவை நெடுந்தொலைவு இடம்பெயர்வதில்லை. அங்கே ஓநாய்களும் இல்லை. 1994 முதல் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் குளிர்கால இறுதியில் மான்களைப் பிடித்து எடைபோட்டு, அடையாளமிட்டு விடுகின்றனர்.

1994இல் பிறந்த பெண்மான்கள் வளர்ந்தபின் சராசரியாக 55 கிலோ எடை இருந்தன. 2010இல் பிறந்தவை 48 கிலோ மட்டுமே இருந்தன. பதினாறு ஆண்டுகளில் ஏழு கிலோ! ஆனால் அதே காலத்தில் அங்கு மான்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது.

எப்படி? கோடை வெப்பமானதால் செடிகள் நன்கு வளர்ந்தன. இலையுதிர்காலத்தில் மான்கள் கொழுத்தன. அதனால் மிகுதியான கன்றுகளை ஈன்றன. இதுவரை என் மாணவன் எழுதியது அப்படியே நிகழ்ந்திருக்கிறது! பின்பு குளிர்காலம் வருகிறது. முன்னாளில் குளிர்காலத்தில் பனித்துகள் மட்டுமே விழும்; மான் தன் குளம்பால் அதைக் கிளறி அடியில் உள்ள செடியைத் தின்னும். இப்போது குளிர்காலத்தின் நடுவே மழை பெய்கிறது. அந்த மழைநீர் பனியில் இறங்கி உறைந்து, தரையின்மேல் கண்ணாடித் தகடுபோல் இறுகிவிடுகிறது. உணவு கண்முன்னே இருந்தும் எட்டாது. மான்களின் எண்ணிக்கையும் கூடியிருப்பதால் கிடைக்கும் சிறிதளவிற்கும் போட்டி. வயிற்றில் கன்றைச் சுமக்கும் தாய் பட்டினி கிடக்கிறது. கன்று சிறுத்துப் பிறக்கிறது. பனிக்கட்டி மூடிய கொடிய ஆண்டுகளில் சில மான்கள் கடற்கரைக்குச் சென்று கரையொதுங்கிய கடற்பாசியைத் தின்று உயிர்பிழைக்கின்றன. மான்களின் சாணத்தை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்து, 2019இல் இதனை உறுதிசெய்து வெளியிட்டனர்.

ஆக, "மான்கள் கொழுக்கும்" என்பது ஆகஸ்டில் சரி, ஏப்ரலில் தவறு. "எண்ணிக்கை குறையும்" என்ற என் விடை கிரீன்லாந்தின் கரிபூவுக்குப் பொருந்தியது, ஸ்வால்பார்டுக்குப் பொருந்தவில்லை. மாணவனுக்குச் சிவப்புக் கோடு என்றால் எனக்கு என்ன கோடு?

பச்சை எல்லாம் உணவன்று

மாணவனின் பக்கம் மட்டுமே நியாயம் இருப்பதாகவும் கொள்ளவேண்டாம். வெப்பம் கூடினால் பச்சை கூடும் என்பது உண்மை. ஆனால் எந்தப் பச்சை?

1990இல் பன்னாட்டு ஆய்வாளர்கள் கூடித் தூந்திர நிலத்திற்கென ஒரு பொதுச் சோதனை முறையை வகுத்தனர். ஒளி புகும் தகடுகளால் ஆன, மேற்புறம் திறந்த சிறு கூடுகளைச் செடிகளைச் சுற்றி நிறுத்துவார்கள். மின்சாரம் வேண்டியதில்லை; காற்றைத் தடுத்து வெயிலின் வெம்மையைத் தேக்குவதால் கூட்டினுள் 1 முதல் 3 பாகை வரை வெப்பம் கூடும். கூடு வைத்த இடத்தையும் வைக்காத இடத்தையும் ஆண்டுதோறும் ஒப்பிடுவார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பூச்சாடிகளை வைத்து ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் காட்டுகிறோமே, அதே கட்டுப்பாட்டுச் சோதனைதான். ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் நீளும் சோதனை.

பல இடங்களில் அவர்கள் கண்டது, குட்டைப் பிர்ச்சு, வில்லோ போன்ற புதர்கள் உயர்ந்து பரவின. அவற்றின் நிழலில் கற்பாசிகள் குறைந்தன. கற்பாசியோ பல கரிபூக் கூட்டங்களுக்குக் குளிர்கால உணவு. வானிலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படத்தில் நிலம் பசுமையாகத் தெரியும். மானின் வாய்க்கு அது உணவா என்பதை வானிலிருந்து சொல்ல முடியாது. தரையில் மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கதை இங்கும் முடியவில்லை. காங்கர்லுசுவாக்கில் சில இடங்களுக்கு வேலியிட்டு விலங்குகள் நுழையாமல் தடுத்தனர். சில இடங்களைத் திறந்துவிட்டனர். இரண்டிலும் வெப்பக் கூடுகளை வைத்தனர். 2008இல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? வேலிக்குள் வெப்பம் கூடியபோது புதர்கள் தழைத்தன. விலங்குகள் மேய்ந்த இடத்தில் அந்தத் தழைப்பு பெரிதும் கட்டுப்பட்டது. அதாவது, செடி மானைத் தீர்மானிக்கிறது. மானும் செடியைத் தீர்மானிக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டுமே புரியாது.

ஊசி முனையில் ஓர் இலை

இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பெற்றோர்கள் அறியவேண்டும் என்று விரும்புகிறேன். முனைவர் பட்ட மாணவர் தூந்திரத்தில் என்ன செய்கிறார்? ஒரு சதுரச் சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டியிருப்பார். நூல்கள் சந்திக்கும் இடங்களில் நீண்ட ஊசியை இறக்குவார். ஊசி தொடும் இலை எந்தச் செடியுடையது என்று எழுதுவார். அடுத்த புள்ளி. அதற்கடுத்த புள்ளி. ஒரு சட்டத்தில் நூறு புள்ளிகள் இருக்கலாம். அப்படிப் பல சட்டங்கள். கொசுக் கூட்டம் முகத்தை மொய்க்கும். ஸ்வால்பார்டில் குடியிருப்பை விட்டு வெளியே போனால் பனிக்கரடிக்கு அஞ்சித் துப்பாக்கி எடுத்துச் செல்லவேண்டும். முதல் துளிர் என்று, முதல் பூ என்று, முதல் கன்று என்று நாள்தோறும் குறிப்பார். இறந்துகிடக்கும் கன்றையும் எண்ணுவார்.

ஸ்வால்பார்டில் வளரும் ஒருவகை வில்லோ சில சென்டிமீட்டர் உயரமே உள்ளது. புல் என்று நினைத்து மிதித்துவிடலாம். அதன் மெல்லிய தண்டைச் சீவி நுண்ணோக்கியில் வைத்து, மர வளையங்களை எண்ணுகின்றனர். எந்தக் கோடையில் செடிகள் எவ்வளவு வளர்ந்தன என்பதைக் கடந்த ஆண்டுகளுக்கும் கண்டறிகின்றனர். அதே தீவுகளில் பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக நடந்து மான்களை எண்ணிய ஆய்வு, மொத்தம் சுமார் 22,000 மான்கள் உள்ளன என்று 2019இல் மதிப்பிட்டது. 1925இல் வேட்டை தடைசெய்யப்பட்டபின் அவை மீண்டுவந்த கதையும் அதில் அடங்கும்.

இதையெல்லாம் ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, தந்தை ஒருவர் எழுந்து, "புல்லை எண்ணி டாக்டர் பட்டம் வாங்கினால் என்ன வேலை கிடைக்கும், ஐயா?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி அது. வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிச் செலவும் சுமப்பவர் அப்படித்தான் கேட்பார். எல்லாருக்கும் பல்கலைக்கழகத்தில் நாற்காலி காத்திருக்கிறது என்று பொய் சொல்லவும் நான் விரும்பவில்லை. ஆனால் அவருக்கு நான் சொன்னது இதுதான்.

ரஷ்யாவின் வடக்கே யமால் தீவகற்பத்தில் நெனெட்ஸ் மக்கள் துருவமான்களை மேய்த்து வாழ்கின்றனர். 2013 நவம்பரில் அங்கே பனியின்மேல் மழை பெய்து உறைந்தது. அந்தக் குளிர்காலத்தில் 61,000 மான்கள் பட்டினியால் மடிந்தன. மந்தையை இழந்த குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் ஒரே வெள்ளத்தில் கால்நடையும் தோட்டமும் போனால் எப்படியோ அப்படி. அம்மழைக்கும் அருகிலுள்ள கடலில் பனிக்கட்டி குறைந்ததற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் 2016இல் எடுத்துக்காட்டினர். இலையுதிர்காலத்திலேயே கடலைப் பார்த்து, வரப்போவது எத்தகைய குளிர்காலம் என்று மேய்ப்பர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் எத்தனை மந்தைகள் பிழைக்கும்! புல்லையும் மானையும் எண்ணுவதன் பயன் அது.

எண்ணுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபின் ரஷ்ய ஆய்வு நிலையங்களோடு மேலைநாட்டு ஆய்வாளர்களின் கூட்டுறவு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. வடதுருவ நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி ரஷ்யாவில் இருக்கிறது. அந்தத் தரவுகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் வடதுருவத்தைப் பற்றிய நம் முடிவுகளே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று 2024இல் வெளிவந்த ஆய்வு எச்சரித்தது. விட்டுப்போன ஆண்டின் துளிரை அடுத்த ஆண்டு போய் எண்ண இயலாது அல்லவா? முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவரும் அந்த நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணி. 1993இல் தொடங்கிய கணக்கு தொடர்வது, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் குறிப்பேட்டைக் கையில் எடுப்பதால்தான்.

நாம் செய்யவேண்டியது

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் நம் மனத்தில் பதிந்த விடைத்திட்டத்தை யாரும் நீக்கவில்லை. அதை நாமே நீக்கவேண்டும். ஆசிரிய நண்பர்களுக்கு என் பணிவான கருத்துகள் மூன்று.

முதலாவது, "பொறுத்தது" என்னும் சொல்லுக்கு மதிப்பளிப்போம். எந்த இடம், எந்தப் பருவம், எந்த விலங்கு என்பதைப் பொறுத்தது என்று ஒரு மாணவன் எழுதினால் அவன் விடை தெரியாமல் மழுப்புகிறான் என்று கொள்ளவேண்டாம். எவற்றைப் பொறுத்தது என்று அவன் சொல்லிவிட்டால், ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடிய இடத்தின் வாசலுக்கு அவன் வந்துவிட்டான் என்று பொருள். "எதுவும் சொல்ல முடியாது" என்பது வேறு. "இன்ன காரணத்தால் இங்கே இப்படி, அங்கே அப்படி" என்பது வேறு. முன்னதற்குப் புள்ளி வேண்டாம். பின்னதற்கு முழுப் புள்ளி கொடுப்போம்.

இரண்டாவது, விடை தவறாயினும் காரணம் சரியாக இருந்தால் அதை ஏற்போம். என் மாணவன் ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் துருவத்திற்குக் கொண்டுபோய்ப் பொருத்தினான். ஐந்தாம் ஆண்டில் அதைவிட வேறென்ன எதிர்பார்க்கிறோம்? "நன்று. ஆனால் குளிர்காலத்தில் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு என் பேனாவில் மை இருந்தது.

மூன்றாவது, எண்ணப் பழக்குவோம். தூந்திரத்திற்குப் போகவேண்டியதில்லை. பள்ளித் திடலில் ஒரு சதுர மீட்டரைக் கயிற்றால் வளைத்து, அதில் என்னென்ன செடி என்று வாரந்தோறும் எழுதச் சொல்லலாம். பள்ளி வளாகத்தில் மாமரம் இருந்தால் அது பூக்கும் நாளை ஆண்டுதோறும் ஒரே குறிப்பேட்டில் குறித்துவைக்கலாம். இந்த ஆண்டு எழுதியவன் ஆறாம் ஆண்டு முடித்துப் போவான், அடுத்தவன் தொடர்வான். பத்து ஆண்டில் அந்தப் பள்ளிக்கென ஒரு தரவு இருக்கும்.

பெற்றோர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே. "இதைப் படித்தால் என்ன வேலை?" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முன்னால், "நீ என்ன கண்டுபிடிக்க விரும்புகிறாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். முதற்கேள்வி மட்டும் கேட்கப்படும் வீட்டில் பிள்ளை இரண்டாவதற்கு விடை தேடுவதை விட்டுவிடும்.

பின்குறிப்பாக ஒன்று

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். தங்கையின் விளையாட்டுப் போட்டிக்காக அண்மையில் நம் பள்ளிக்கு வந்திருந்தான். அழைத்து, அந்தத் துருவமான் கேள்வியை நினைவுபடுத்தி, "உன் விடையில் பாதி சரி, தம்பி. என் விடையிலும் பாதிதான் சரி. நான் கோடு போட்டிருக்கக் கூடாது" என்று சொன்னேன். அவன் கூச்சத்தோடு சிரித்து, "எனக்கு மறந்துவிட்டது, ஐயா" என்றான்.

மன்னிப்பு எளிதாகவே கிடைத்துவிட்டது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒன்றே மனத்தில் ஓடியது. அவன் மறந்தது அந்தக் கேள்வியை மட்டும்தானா? அல்லது மேசைக்கு வந்து "ஏன்?" என்று கேட்கும் பழக்கத்தையுமா? முன்னது மறந்தால் இழப்பில்லை. பின்னது மறந்திருந்தால் அதற்கு நான் எப்படி ஈடுசெய்வேன்?

இப்போதெல்லாம் திருத்தும்போது முதலில் பென்சிலைத்தான் எடுக்கிறேன். சிவப்புப் பேனா இழுப்பறையில் இருக்கிறது. மாணவனின் காரணத்தைப் படித்து முடித்தபின்தான் அதை எடுக்கிறேன். நீங்களும் முயன்று பாருங்கள். உங்கள் வகுப்பில் இப்படிப்பட்ட "தவறான" விடைகள் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்; சேர்ந்து கற்போம்.